மாசிலாமணி மாமா பாதியில் எழுந்துபோன கூட்டம்

இதனால் போடி கடைவீதியிலும் அதற்கப்பாலும் உள்ள சகலமான பேருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், சென்ற மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சிவப்புக் கோழி எவ்வித முன்னறிவிப்பும் இன்றி முட்டையிடும் உத்தியோகத்தை ராஜினாமா செய்தது. காரணம் கேட்டதற்குக் கோழி வாய்மொழியாகவோ எழுத்துமூலமாகவோ பதில் தரவில்லை.

இதே செய்தியை அப்பாவின் தோழர் மாசிலாமணி மாமா ஒரு காலணாத் தபால் கார்டில் எழுதி அனுப்பியிருந்தால், என் அப்பா கடையில் துணிக்கட்டின்மேல் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்திருப்பார். அதை நான் நேரில் போய், கோழியையும் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். அப்பா கஜக்கோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சரி, போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ" என்றார்.

கதவைச் சாத்தப் போனபோதுதான் தெருவில் ஓர் ஆள் வருவதைப் பார்த்தேன். மாசிலாமணி மாமாவின் மருமகன். முழங்கால்வரை புழுதி. கடை வாசலில் வந்து நின்று அப்பாவையே பார்த்தார்.

"பழனிசெட்டிபட்டியில இருந்து நடந்தா வந்தீக?" என்று அப்பா கேட்டார்.

"ஆமா மாமா."

அப்பா கஜக்கோலைக் கீழே வைத்தார். மாசிலாமணி மாமா காலமாகிவிட்டார் என்பது அவருக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் அவருடைய வகுப்புத் தோழர்களுக்கும் இடையில் கார்டில் வருவது வெட்டிச் செய்தி. ஆள் நடந்து வந்தால் அது மெய்ச் செய்தி. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னது ஒரே வாக்கியம். "போன சித்திரையில கூட்டத்துல பாதியிலேயே எந்திரிச்சுப் போனானே, ஏன்னு கேக்காமலே விட்டுட்டேன்."

அன்றிலிருந்து இன்றுவரை அவர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டின் நடுவில் சொல்கிறார். துணி கிழிக்கும்போது சொல்கிறார். ஜெபம் முடிந்து ஆமென் சொல்லிவிட்டு அதையும் சொல்கிறார்.

உத்தமபாளையம் ஏசுவடியான் மாமா, சின்னமனூர் தாவீது மாமா, அப்பா, நீங்கள் ஒவ்வொரு சித்திரையிலும் வீரபாண்டி ஆற்றங்கரையில் கூடும்போது, அந்த வருஷம் போனவரைப் பற்றி எழுதி வாசிக்க வேண்டும் என்பது உங்கள் வழக்கம். எழுத வேண்டியவர் அப்பா. அவர் மூன்று முறை தாளை எடுத்தார். மூன்று முறையும் "என் தோழன்" என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார். ஆகையால் நான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இது அப்பாவுக்குத் தெரியாது. இப்போது தெரிந்திருக்கும்.

என்னைத் தெரியாதவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்காக: எனக்கு வயது பதினேழு. போடியில் இரண்டு வகை ஆட்கள்தான் உண்டு. என்னிடம் ஏமாந்தவர்கள் ஒரு வகை, ஏமாந்தது இன்னும் தெரியாதவர்கள் மற்றொரு வகை. அப்பா துணி வியாபாரி, நான் துணிந்த பிள்ளை. ஊருக்குப் போடி என்று பெயர் வைத்தும் வந்த சனம் எதுவும் போக மாட்டேன் என்கிறதே என்று நான் சொன்னால் கடைவீதி முழுக்கச் சிரிக்கும். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். தேனிக்குப் போய்வந்து, "ஒன்றும் கொட்டவில்லை" என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை. இப்படிப் பல வருஷம் பாடுபட்டேன். மாசிலாமணி மாமாவோ வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு கார்டு எழுதிப் போடுவார். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு அவர்மேல் இருந்த பொறாமையை நான் மரியாதை என்று சொல்லிப் பார்த்தேன், பக்தி என்று சொல்லிப் பார்த்தேன். அது பொறாமைதான்.

கார்டு வழக்கம் உண்டான கதையை நீங்கள் அறிவீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கார்டு புதிதாக வந்த காலத்தில் தாவீது மாமாவின் தாயார் காலமான செய்தியை யாரோ கார்டில் எழுதிவிட்டார்கள். தபால்காரர் அதை வழியிலேயே படித்துவிட்டார். தாவீது மாமா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கத்தரிக்காய்க்காரி, "உங்க ஆத்தா போயிட்டாகளாமே, நீங்க இங்கன நிக்கீக" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு மாசிலாமணி மாமா சொன்னாராம்: "உறை போடாத காகிதத்துல உசுரை வைக்கக்கூடாதுடா. அதுல சிரிப்பை வை, எவன் படிச்சாலும் நஷ்டமில்ல." அதிலிருந்து நல்லதோ கெட்டதோ, மெய்யான செய்தி என்றால் ஆள் நடக்க வேண்டும். கார்டில் பல், கோழி, செருப்பு, தும்மல் இவை மட்டும்.

பல் என்றதும் அந்தக் கார்டு ஞாபகம் வருகிறது. "எனது மேல்வரிசையில் ஐம்பது வருஷம் அப்பழுக்கின்றி ஊழியம் செய்த பல் ஒன்று, இன்று காலை முறுக்கைக் கடிக்கும்போது ஓய்வு பெற்றது. பிரிவுபசாரத்தில் நாக்கு கலந்துகொண்டு, காலியிடத்தைப் பலமுறை பார்வையிட்டது." அப்பா இதைக் கடையில் படித்தார், வீட்டில் படித்தார், மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ப் படித்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுல ஒரு பய காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் இதே மாதிரி உளறுறான், அதுக்குச் சிரிப்பு வரல, பல்லு விழுந்ததுக்குச் சிரிக்கீகளே" என்றாள்.

"இவன் வேற, அவன் வேற" என்றார் அப்பா.

அது எனக்குக் காதில் விழுந்தது. அப்பா அதைச் சத்தமாகத்தான் சொன்னார்.

முதன்முதலாக நான் உங்கள் கூட்டத்துக்கு வந்தது பன்னிரண்டு வயதில். வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்துக்கொண்டு சனம் போகிறது. ஆற்றங்கரை மருத மரத்தடியில் நான்கு கிறிஸ்தவப் பெரியவர்கள் நுங்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திருவிழாச் சமயத்தில்தான் எல்லா ஊரிலிருந்தும் வண்டி கிடைக்கிறது என்று சபை உபதேசியாரிடம் நீங்கள் சொன்ன சமாதானத்தை அவர் இன்றுவரை நம்பவில்லை. நுங்கு முடிந்ததும் மாசிலாமணி மாமா எழுந்து நின்று, மதுரைக் கலாசாலையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஒன்றாகப் படித்த பதினோரு பேரின் பெயரையும் வரிசையாகக் கூப்பிட்டார். போனவர்கள் பெயர் வரும்போதெல்லாம் மற்றவர்கள் சேர்ந்து "லீவு" என்றார்கள்.

"அருளானந்தம்."

"உள்ளேன் ஐயா" என்றார் என் அப்பா. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. என்னைவிடச் சின்னப் பையனின் குரல் அது. என் வீட்டில் நான் ஒருநாளும் பார்க்காத ஒரு பயலை இவர் ஒரு பெயரைச் சொல்லி வெளியே வரவழைத்துவிட்டார்.

வகுப்பில் அப்பா முதலாவது, மாசிலாமணி மாமா கடைசி. அவர் அதைப் பெருமையாகச் சொல்வார். "ஏலே அருளு, நீ மேல இருந்து ஒண்ணு, நான் கீழ இருந்து ஒண்ணு. நடுவுல மாட்டிக்கிட்டவங்கெதான் பாவம்." அப்பாவை "ஏலே" என்று கூப்பிட இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தது அந்த ஒரு வாய்தான்.

இனி நான் அவரை வென்ற கதை. கடைவீதிப் பிள்ளைகளிடம் ஒரு வருஷமாக இதைச் சொல்லித் திரிகிறேன். மாசிலாமணி மாமாவின் எழுத்தைப் போலவே எழுதி, ஒரே கார்டில் நான்கு பெரிய மனிதர்களையும் குச்சனூருக்கு ஓட வைத்தேன் என்று. கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏலக்காய் மண்டி ஆள் ஒருவர் எனக்குப் பதநீர் வாங்கிக் கொடுத்தார்.

கார்டு எழுதியது நிஜம். அப்பா பெட்டியிலிருந்த பழைய கார்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் அவர் கையெழுத்தைப் பழகினேன். மூன்று கார்டுகள், மூவருக்கும் ஒரே வாசகம்: "இதனால் அறிவிப்பது. நாற்பது வருஷமாக ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கும் நாம், ஏழரை வருஷத்துக்குமேல் யாரையும் பிடித்திருக்க முடியாத சனீஸ்வரருக்கு நமது அனுதாபத்தை நேரில் தெரிவிக்கும் பொருட்டு, இவ்வருஷக் கூட்டம் வீரபாண்டியிலிருந்து குச்சனூருக்கு மாற்றப்பட்டிருக்கிறது." தேனிக்குச் சரக்கெடுக்கப் போன வண்டியில் ஏறிப் போய் அங்கேயே தபாலில் சேர்த்தேன்.

என் திட்டம் இது. மூன்று பேரும் குச்சனூரில் வெயிலில் காய்வார்கள். மாசிலாமணி மாமா வீரபாண்டியில் தனியாக நுங்கு தின்பார். அப்பாவுக்கு அவர்மேல் கோபம் வரும். ஒரு வருஷமாவது அந்தக் கார்டுகளுக்குச் சிரிக்க மாட்டார். ஆக, நான் விளையாட்டுக்குச் செய்தேன் என்று இதுவரை சொல்லிவந்தது பொய்.

கார்டு கடைக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை விடியுமுன் வண்டி கட்டிப் புறப்பட்டார். வயிற்றுவலி என்று நான் வீட்டில் நின்றுகொண்டேன். அவர் தெரு திரும்பியதும் ஒரு நெல் வண்டியில் தொற்றிக்கொண்டு, குறுக்கு வழியில் குச்சனூர் போய்ச் சேர்ந்தேன்.

கோவிலுக்கு எதிரில், எள் விளக்கு விற்கும் ஒரு பெண்மணிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

"யாருக்குத் தம்பி ஏழரை?" என்று அவள் கேட்டாள்.

"மூணு கெழவங்களுக்கு. இப்ப வருவாக பாருங்க."

காலை போயிற்று. உச்சி வெயில் வந்தது. நடுவில் இரண்டு தடவை ஆற்றில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவள் கூடையில் பாதி தீர்ந்த பிறகு மறுபடி என்னைப் பார்த்தாள். "அவுகளைக் காணமே. ஒருவேளை உனக்குத்தான் தம்பி நடக்குது. ஒரு விளக்குப் போட்டுட்டுப் போயேன்."

ஒருவரும் வரவில்லை. கார்டில் வந்ததை நம்பி வண்டி கட்டுகிற ஆள் உங்கள் வகுப்பில் கிடையாது. கூட்டத்தின் இடம் மாறுவது மெய்ச் செய்தி. மெய்ச் செய்தி என்றால் ஆள் வந்திருக்கும். இந்த வழக்கத்தைப் பால்குடி மறந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் எழுத்தின் வளைவுகளைப் பழகுகிற மும்முரத்தில் அதை மறந்துபோனேன். உங்கள் மூவருக்கும் அது ஒரு நல்ல நகைச்சுவை, அவ்வளவுதான். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல வீரபாண்டிக்கே போய்விட்டீர்கள்.

நிழல் சாயத் தொடங்கியபோது ஒரே ஒரு வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவர் மாசிலாமணி மாமா.

"என்ன மாப்ள, சனீஸ்வரர் என்ன சொல்றாரு?" என்றார்.

நான் அவசரமாக எழுந்தேன். "நீங்க எப்பிடி இங்கன..."

"கூட்டம் குச்சனூர்லதான்னு மூணு பேருக்கும் கார்டு வந்திருக்கு. எனக்கு மட்டும் வரல. சரி, தபால்ல தவறியிருக்கும்னு நானே வந்துட்டேன்." துண்டில் முடிந்து வைத்திருந்த பணியாரத்தை எடுத்து நீட்டினார். "தின்னு. காலையில இருந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்ட. ஏமாத்த வந்தவன் கட்டுச்சோறா கட்டிட்டு வருவான்."

வண்டியில் ஏறிய பிறகுதான் நடந்ததைச் சொன்னார். மருத மரத்தடியில் மூவரும் ஆளுக்கொரு கார்டை உருவி, அவர் முகத்துக்கு நேரே ஆட்டியிருக்கிறார்கள். அப்பா அதைச் சத்தம் போட்டு வாசித்து, பாதியில் வாசிக்க முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். மாசிலாமணி மாமா மூன்று கார்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் மகன் எங்கடா அருளு?" என்று கேட்டிருக்கிறார். "வயித்துவலின்னு வீட்டுல கெடக்கான்" என்றிருக்கிறார் அப்பா. உடனே இவர், சின்னமனூரில் ஒரு மாடு பார்க்க வேண்டும் என்று எழுந்துவிட்டார். பெயர் கூப்பிடவில்லை. நுங்குகூட இன்னும் வெட்டவில்லை.

"உங்க எழுத்துன்னுதானே எல்லாரும் நம்புனாக. உங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுச்சு, நான்தான்னு?" என்று கேட்டேன்.

"எழுத்து என்னுதுதான். நானே ஏமாந்துருப்பேன். ஆனா மூணு கார்டுலயும் ஒரே வாசகம். நான் அப்பிடி எழுத மாட்டேன் மாப்ள. தாவீது சிரிக்கிற இடத்துல உங்கப்பன் சிரிக்க மாட்டான். ஆளுக்கு ஒண்ணுதான் எழுதணும். நீ வயித்துவலின்னு வீட்டுல நின்னுட்டன்னதும் ஆளும் தெரிஞ்சுச்சு, ஏமாந்தவங்களப் பாக்க எங்கன உக்காந்துருப்பன்னும் தெரிஞ்சுச்சு." கொஞ்ச தூரம் போனதும், "ஆனா உன் கார்டுக்கு மூணு பேரும் சிரிச்சாங்கெ. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு" என்றார்.

அவர் வயிறும் எரிந்தது என்று கேட்டபோது எனக்கு உண்டான குளிர்ச்சியை எழுதத் தெரியவில்லை.

"உங்கப்பன் சிரிச்ச சிரிப்பை நீ பாத்துருக்கணும். அங்கன இருக்க வேண்டியவன் இங்கன வந்து உக்காந்துட்ட."

"அப்பாகிட்ட சொல்லிராதீக மாமா."

"நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. நாளைக்கே சொல்லு. எனக்கு வந்த பேரை ரொம்ப நாள் வச்சிருக்க முடியாது, கனக்குது."

இருட்டும்போது போடி எல்லையில் என்னை இறக்கிவிட்டு அவர் பழனிசெட்டிபட்டிக்குத் திரும்பினார். அங்கே அவர் வீட்டில்தான் அன்றிரவு நீங்கள் மூவரும் தங்கியிருந்தீர்கள். அவர் போய்ச் சேர்வதற்குள் படுத்துவிட்டீர்கள். அப்பா மறுநாள் விடியுமுன், அவரை எழுப்பாமலே புறப்பட்டு வந்துவிட்டார். வந்து அம்மாவிடம், "வருஷத்துல ஒரு நாளு. அன்னைக்கும் மாடு பாக்கப் போறான்" என்றார். "சின்னமனூர்ல மாடு பாக்க தாவீதைக் கூப்பிடாம இவன் மட்டுமா போவான்? எங்களோட இருக்கப் பிடிக்கல, அதான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வயிற்றுவலி என்று சொல்லியிருந்ததால் சுக்குக் கஷாயத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு மாசிலாமணி மாமா கார்டு போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆடியில் செருப்பு தொலைந்த கார்டு. ஐப்பசியில் குடை காற்றோடு ஓடிப்போன கார்டு. அப்பா படிப்பார், மடிப்பார், பெட்டியில் போடுவார். சிரிக்கவில்லை. பதிலும் எழுதவில்லை. என் திட்டம் நான் போட்ட வழியில் தோற்று, வேறு வழியில் அதைவிட நன்றாகப் பலித்துவிட்டது. இங்கே நிற்கிற எனக்கு இதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது: அந்த மாதங்களில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவைச் சிரிக்க வைக்க என்னால் முடியவில்லை, இப்போது அவராலும் முடியவில்லை. சரிக்குச் சரி என்று இருந்தேன். தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். கடையில் ஒரு கார்டு சிரிப்பில்லாமல் மடிக்கப்படுவதைப் பார்த்ததும், நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றிவிடும்.

மாசியில் அவருடைய மருமகன் நடந்து வந்தார்.

அப்பா, மாசிலாமணி மாமா மாடு பார்க்கப் போகவில்லை. உங்களோடு இருக்கப் பிடிக்காமலும் போகவில்லை. குச்சனூரில் பசியோடு உட்கார்ந்திருந்த உங்கள் மகனைக் கூட்டிவரப் போனார். என் பெயரைச் சொல்லிவிட்டு உங்களோடு இருந்திருக்கலாம். நீங்களே வண்டி கட்டி வந்து என் முதுகை உரித்திருப்பீர்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. நீங்கள் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறீர்களே, அவர் எழுதியதிலேயே சிறந்தது என்று எல்லோருக்கும் காட்டுகிறீர்களே, அந்தக் குச்சனூர்க் கார்டு என்னுடையது. ஒரு வருஷமாக அந்தப் பேர் எனக்கு வர வேண்டும் என்று ஏங்கினேன். இப்போது அதைச் சொல்லிவிட்டுப் பார்க்கிறேன், அதில் ஒன்றும் இல்லை. அவர் எழுதினார் என்று நம்பித்தான் நீங்கள் சிரித்தீர்கள்.

நால்வரை ஓட வைத்தேன் என்று சொல்லித் திரிந்தவன், அன்று ஓடிப்போய் ஏமாந்து உட்கார்ந்திருந்த ஒரே ஆள். கடைவீதிப் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன். பதநீர் வாங்கிக் கொடுத்தவரிடம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பிற்பகல். குச்சனூரிலிருந்து போடி எல்லைவரை, மாட்டு வண்டியில், அவர் பக்கத்தில். அவருடைய கடைசிக் கூட்டத்தில் உங்கள் மூவருக்கும் சேர வேண்டிய பொழுது அது, நான் எடுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கிற வழி தெரியாததால்தான் அவர் பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதி வாசித்தேன். நீங்கள் அவரை நாற்பது வருஷம் வைத்திருந்தீர்கள். ஆனாலும் அன்று அவர் உங்களை விட்டுவிட்டு என்னைத் தேடி வந்தார் என்று நினைக்கும்போது, இப்போதும் உள்ளே கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. அதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.